கடலாபீசுக்குப் போன நெய்மீன்

தேவிகுளத்தில் கடலாபீஸ் திறந்தபோது, அங்கிருந்து கடல் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. அரசாங்கம் திறக்கிற ஆபீசைப் பற்றி அப்படிக் கேட்கிற பழக்கம் தோட்டத்து ஜனங்களுக்குக் கிடையாது. முழுப்பெயர் ‘கடல்சார் நெகிழி மற்றும் நிலைத்த வேதிமாசுக் கட்டுப்பாட்டு ஆணையம், உயர்மலை மண்டலம்.’ பலகை மாட்ட வந்த ஆளுக்கு ‘ஆணையம்’ வரைக்கும்தான் சுவர் இருந்தது. மீதியைத் திருப்பி அடுத்த சுவரில் மாட்டிவிட்டுப் போனான். ஜனங்கள் இரண்டு சுவரையும் சேர்த்துக் கடலாபீஸ் என்று சுருக்கிக்கொண்டார்கள்.

திறப்பு விழாவில் மண்டல இயக்குநர் யாக்கோபு சார் காரணத்தை விளக்கினார். நல்ல உயரம், நல்ல குரல், மலையாளம் கலந்த தமிழ், இத்தனை மேடை பார்த்தும் சலிக்காத முகம்.

“சிலர் சோதிக்கிறார்கள், ஆறாயிரம் அடி உயரத்தில் கடலுக்கு என்ன வேலை என்று. நான் திருப்பிக் கேட்கிறேன். கடற்கரையில் ஆபீஸ் வைத்தால் அதிகாரிகள் கடலின் செல்வாக்குக்கு ஆளாக மாட்டார்களா? நடுநிலைமை வேண்டும் கேட்டோ. அதற்குத் தூரம் வேண்டும். உப்புக் காற்றில் கருவிகள் துருப்பிடிக்கும். இங்கே அந்தப் பிரச்சினை இல்லை.”

கருவிகள் இன்னும் வந்து சேராததால் அவை துருப்பிடிக்கவில்லை என்பது உண்மைதான்.

சுவக்கீனுக்கு இதெல்லாம் பிறகுதான் தெரியும். அவர் பெட்டி ஆட்டோவில் மீன் விற்கிறவர். அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து தேயிலைக்கு வந்த குடும்பம். கொழுந்து கிள்ளுவதும் செடியைக் கவ்வாத்து வெட்டுவதும் தனக்கு ஒத்துவரவில்லை என்று அவர் மட்டும் மீனுக்கு மாறிவிட்டார். விடிந்தும் விடியாமலும் அடிமாலிக்கு இறங்கி, கொச்சி லாரியில் வந்த சரக்கை ஐஸோடு அள்ளிக்கொண்டு, பத்து மணிக்குள் தொழிலாளர் வீட்டு வரிசைகளில் லயம் லயமாக ஏறிவிடுவார். “மத்தியேய்... அயிலையேய்...” என்று அவர் கூவுகிற சத்தம் பனிமூட்டத்துக்குள் வண்டிக்கு முன்னாலேயே வந்துவிடும். மனைவி தவறிப்போய்ச் சில வருஷமாகிறது. கம்பம்மெட்டில் கட்டிக்கொடுத்த மகள் ஷீனா முதல் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்கு வாய்க்கு ருசிப்பது ஒன்றே ஒன்று, மீன்.

ஒருநாள் தேவிகுளம் வளைவில் ஒரு ஜீப் குறுக்கே நின்றது. உள்ளேயிருந்து ராஜசேகர் இறங்கினார். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து ஆள். ஆணையத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி. ஆளையே கொன்றாலும் மரியாதை குறையாமல் கொல்லக்கூடியவர்.

“ஏனுங்க, வண்டில என்னங்க இருக்குது?”

“மீனு சார்.”

“கடல் மீனுங்களா?”

“ஆமா சார்.”

ராஜசேகர் ஜீப்பைத் திரும்பிப் பார்த்து, தங்கச் சுரங்கம் கண்டவர் மாதிரி குரல் கொடுத்தார். “சார், கெடச்சிருச்சுங்க! கடல் கெடச்சிருச்சு!”

யாக்கோபு சார் இறங்கிவந்து பெட்டிக்குள் எட்டிப்பார்த்தார். மேலே மத்தி, நடுவில் அயிலை, அடியில் ரிசார்ட்காரர்கள் சொல்லிவைத்திருந்த ஒரு முழு நெய்மீன், வஞ்சிரம் என்பார்களே அது. மத்தியை அவர் பார்க்கவே இல்லை.

“இந்த நெய்மீனை மாதிரியாக எடுத்துக்கொள்கிறோம். ஆய்வுக்கு.”

“மத்தியும் கடல் மீனுதான் சார்.”

“மத்தி போதிய பிரதிநிதித்துவம் உள்ளதல்ல” என்றார் யாக்கோபு சார்.

அதிலிருந்து வாரா வாரம் மாதிரி எடுத்தார்கள். நெய்மீன், சூரை, ஆவோலி. ஆய்வு எப்படி நடக்கிறது என்று சுவக்கீன் கேட்டதற்கு ராஜசேகர் பொறுமையாக விளக்கினார். கருவி வரும்வரைக்கும் புலன்வழி ஆய்வுதான். பார்ப்பது, முகர்வது, சுவைப்பது. அதற்காகத்தான் சமையல்காரர் ஷிஜுவை ‘ஆய்வக உதவியாளர்’ பதவியில் எடுத்திருக்கிறார்கள். மஞ்சள், மிளகு, குடம்புளி எல்லாம் வேதிப்பொருள் கணக்கில் வருகிறது. பொரித்த வாசனை அந்த மலைவளைவு முழுக்க நிற்கும். கடலாபீசில் ஆராய்ச்சி மும்முரமாக நடக்கிறது என்று ஜனங்கள் அதை வைத்தே தெரிந்துகொண்டார்கள்.

மாதிரிக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை விட்டுவிடலாம். சுவக்கீனும் விட்டுவிட்டார். அரசாங்கத்து ஜீப்பிடம் விலை பேசுகிற ஆள் இல்லை அவர்.

அடுத்து விழிப்புணர்வுக் கருத்தரங்கு வந்தது. ‘கடலோர சமூகப் பிரதிநிதி’ ஒருவர் மேடையில் இருந்தே ஆகவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. கொச்சியிலிருந்து ஆள் வரவழைத்தால் படியும் பயணச் செலவும் ஆகும். ராஜசேகர் நேரே சுவக்கீன் வீட்டுக்கு வந்தார்.

“நீங்கதானுங்க பிரதிநிதி.”

“சார், நான் கடல்ல கால் நனைச்சதே வேளாங்கண்ணியில ஒரு தடவதான். அதுவும் முட்டளவுதான்.”

“முட்டளவு போதுமுங்க.”

அன்றைக்கு அவருக்குப் பள்ளிக்கூட நாடகத்திலிருந்து கடன் வாங்கிய ஓலைத்தொப்பியும் தோளில் ஒரு வலையும் போட்டுவிட்டார்கள். வலை உண்மையில் வாலிபால் வலை. பிளாஸ்டிக் ஒழிப்பைப் பற்றி நாற்பதடி பிளாஸ்டிக் பேனர். வந்தவர்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர். வாசலில் செல்பி எடுக்க ஒரு தெர்மோகோல் ஆமை, காற்றில் அதன் முதுகு உதிர்ந்து ஓடையில் விழுந்துகொண்டிருந்தது. அந்த ஓடை கீழே ஆற்றில் சேர்ந்து, ஆறு கடலுக்குத்தான் போகிறது. ஆக, ஆணையத்துக்கும் கடலுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்று சொல்ல முடியாது.

யாக்கோபு சார் பேசினார்.

“கடலில் கிடக்கும் பிளாஸ்டிக்கில் நஞ்சு ஒட்டிக்கொள்கிறது. அந்த நஞ்சு நூறு வருஷமானாலும் அழியாது. அதனால்தான் நாங்கள் அவசரப்படுவதில்லை. அழிந்துபோகிற மாசு என்றால் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். இது எங்கும் போகாது. நாங்களும் எங்கும் போகமாட்டோம். மாசு இருக்கும்வரை ஆணையம் இருக்கும் என்று உறுதியளிக்கிறேன்!”

நீண்ட கைதட்டல். ஆபீஸ்காரர்கள்தான் அதிகம் தட்டினார்கள்.

பிறகு திரையில் படம் போட்டார்கள். வயிற்றைக் கிழித்த மீனுக்குள் கலர் கலராகப் பிளாஸ்டிக். பின்னணியில் சோகமான வயலின். முன்வரிசையில் இருந்த சுருளியம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, மேடையில் தொப்பியோடு உட்கார்ந்திருந்த சுவக்கீனைப் பார்த்தாள். அவள் ஒருத்திதான் என்றில்லை. லயத்துப் பெண்கள் மொத்தப் பேரும் அப்படித்தான் பார்த்தார்கள்.

மறுநாள் காலை “மத்தியேய்...” என்று கூவிக்கொண்டு போனால் கதவு ஒன்றும் திறக்கவில்லை. சுருளியம்மாள் மட்டும் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

“சுவக்கீனண்ணே, தப்பா நெனைக்காதீக. நீங்களே மேடையில உக்காந்து, மீனுல வெசம் இருக்குன்னு சொல்லிட்டீக.”

“நான் எங்கம்மா சொன்னேன்? சும்மா உக்காந்துருந்தேன்.”

“உக்காந்துருந்தீகல்ல?”

பெட்டியில் ஐஸ் உருகி ரோட்டில் ஓடியது. ரிசார்ட்டுகள் மட்டும் வழக்கம்போல் வாங்கின. அவர்கள் கருத்தரங்குக்கு வரவில்லை.

அன்றைக்கு வீட்டில் ஷீனா முன்னால் மீன்குழம்பு வைத்தபோது சுவக்கீனின் கை கொஞ்சம் நின்றது. ஷீனா அதைப் பார்த்துவிட்டாள்.

“என்னப்பா, நீங்களும் பயப்படுறீகளா?”

“பயமில்ல தாயி. ஆனா ஆபீஸ் வச்சுச் சொல்றாகளே. உண்மையா இருந்தா? வயித்துல உள்ளது என்ன பண்ணும்?”

ஷீனா சாப்பிட்டாள். ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் ஒரு நிமிஷம் யோசித்துச் சாப்பிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டு உட்காரச் சுவக்கீனால் முடியவில்லை. மறுநாள் கடலாபீசுக்கே போய்விட்டார். கேள்வி சின்னதுதான். என் மகள் மீன் சாப்பிடலாமா, கூடாதா?

யாக்கோபு சார் கேள்வியை மிகவும் பாராட்டினார். “நல்ல சோத்தியம். ஆனால் பாருங்கள், இது அறிவியல். அறிவியலில் ஆம், இல்லை என்று இல்லை. ஆய்வு நடக்கிறது என்றுதான் உண்டு.”

ராஜசேகர் வராந்தாவுக்குக் கூட்டிவந்து விளங்கும்படி சொன்னார். “மீனு கடல்ல நீந்துற வரைக்கும் நம்ம அதிகாரமுங்க. கரைக்கு வந்துட்டா ஃபிஷரீஸ். சட்டிக்குப் போயிட்டா உணவுப் பாதுகாப்பு. வாய்க்குள்ள போயிட்டா சுகாதாரத்துறை. உங்க மக மாசமா இருக்கறதால, தொண்டைக்குக் கீழ மகளிர் சிசு நலமுங்க. நீங்க கேக்கறது நம்மளத் தவிர்த்து நாலு டிபார்ட்மெண்ட் சேந்த கேள்வி.”

“அப்போ நீங்க எடுக்கற மீனு?”

“அது மாதிரிங்க. மாதிரிக்கு எந்த டிபார்ட்மெண்டும் கெடையாது.”

சுவக்கீன் பின்வாசல் வழியாக வெளியே வந்தார். அங்கே சமையல்கட்டுக் குப்பைத்தொட்டிக்குள் ஒரு பெண் கையை விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தாள். கையுறை, வெள்ளைக் கோட்டு. அவள்தான் மோனிஷா, ஆணையத்தின் ஒரே விஞ்ஞானி. பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து கொச்சியில் படித்தவள். கான்ட்ராக்ட் வேலை.

“என்ன மேடம் தேடுறீக?”

“மாதிரிதான் அண்ணாச்சி” என்றாள் அவள். கையில் ஒரு நெய்மீன் தலை. “எனக்குத் தலைதான் வந்து சேருது. சில நாள் குடலும் கெடைக்கும். நல்ல வாரமா இருந்தா கொஞ்சம் கொழுப்பு. என் பழைய காலேஜ் லேபுக்கு அனுப்பிக்கிட்டு இருக்கேன். அங்க மெஷினு இருக்கு.”

சுவக்கீன் அதே கேள்வியை அவளிடமும் கேட்டார். அவள் குந்தியபடியே யோசித்தாள்.

“கடல்ல கெடக்குற பிளாஸ்டிக்கு வெயில்ல நொறுங்கிப் பொடியாயிரும். எப்பவோ தடை பண்ணுன பூச்சிமருந்து, ஃபேக்டரிக் கழிவு, இதெல்லாம் தண்ணில கரையாம அந்தப் பொடியில ஒட்டிக்கிடும். சின்ன மீனு அதக் கொஞ்சம் முழுங்கும். பெரிய மீனு அந்தச் சின்ன மீன ஆயிரக்கணக்குல முழுங்கும். கொழுப்புல தங்குனா லேசுல வெளிய போகாது. அதனால பெருசுலதான் கூடுதலா சேரும். மத்தி, நெத்திலி அளவோட தின்னா உங்க மகளுக்கு நல்லதுதான். நெய்மீனு, சூரை இப்போதைக்கு வேண்டாம். ரிசல்ட்டு வரட்டும், இன்னும் உறுதியாச் சொல்றேன்.”

அன்றைக்குச் சுவக்கீன் வீடு திரும்பும்போது வண்டி லேசாக ஓடுவது போலிருந்தது. இத்தனை நாளில் அவருக்கு ஒரு ஆள் பதில் சொல்லியிருந்தது.

ரிசல்ட் வந்த அன்று கூட்டம் போட்டார்கள். மாதிரி கொடுக்கப் போன சுவக்கீனையும், கடலோரப் பிரதிநிதி இல்லாமல் கூட்டத்துக்கு ஆள் கணக்கு, அதாவது கோரம், சேராது என்று, உள்ளே இழுத்து உட்கார வைத்தார்கள். மோனிஷா எழுந்து சொன்னாள். பெரிய மீன்களின் தலையிலும் கொழுப்பிலும் அழியாத நஞ்சுகள் இருக்கின்றன. இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாக இருக்கின்றன. ஒரு தடவை தின்றால் ஒன்றும் ஆகிவிடாது. வாரா வாரம் விடாமல் தின்றால் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும்.

கணக்கு அதிகாரி மெதுவாகத் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கதவருகில் டீயோடு நின்ற ஷிஜு தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனான்.

யாக்கோபு சார்தான் முதலில் தேறினார்.

“மோனிஷா, நீ பரிசோதித்தது தலையை மட்டும்தானே?”

“தலையும் கொழுப்பும். எனக்கு வந்தது அவ்வளவுதான் சார்.”

“அப்படியென்றால் உடம்பில் நஞ்சு இருக்கிறது என்பதற்கு ஆணையத்திடம் ஆதாரம் இல்லை.”

“உடம்பு கெடச்சா பரிசோதிக்கலாம் சார். உடம்பு எங்க சார்?”

ராஜசேகர் நிலைமையை எடுத்துச் சொன்னார். ஆணையம் வந்த பிறகும் மீனில் விஷம் இருக்கிறது என்றால் ஆணையம் எதற்கு என்று சட்டசபையில் கேட்பார்கள். மாதிரியெல்லாம் எங்கே என்று ஆடிட்டில் கேட்பார்கள். ஆகவே நெய்மீன் நல்ல மீன் என்று தீர்மானம் நிறைவேறியது. தலையை மட்டும் தவிர்க்கவும் என்று அடியில் ஒரு வரி. மக்கள் பயத்தைப் போக்க மைதானத்தில் ‘மீன் உண்ணும் விழா’. அதிகாரிகள் மேடையில் உண்டு காட்டுவார்கள்.

இந்தத் தீர்மானத்துக்கு மறுநாள் ஜீப் வழக்கமான வளைவில் நின்றது. ராஜசேகர் பெட்டிக்குள் பார்த்தார். நெய்மீனைத் தள்ளி வைத்தார்.

“மத்தி இருக்குதுங்களா? எல்லாத்தையும் போடுங்க. மாதிரிக்குங்க.”

சுவக்கீன் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மத்தியை அள்ளிப் போட்டார். கேட்க ஒன்றும் பாக்கியில்லை என்று தோன்றியது. அதற்குப் பிறகு லயத்துக்கு ஏறுமுன்னே தினமும் மத்தி காலியாகிவிடும். சுவக்கீன் சொல்லிச் சொல்லி, பயம் கொஞ்சம் தெளிந்து மத்தி கேட்க வந்த பெண்களுக்கு வெறும் ஐஸ்தான் மிச்சம்.

விழா நாளில் மைதானம் நிறைந்திருந்தது. மேடை நடுவில் வாழையிலை போட்டு, ஐஸ் பரப்பி, ஆளுயரத்தில் பாதி இருக்கிற ஒரு நெய்மீன். அதைக் கொண்டுவந்ததும் சுவக்கீன்தான். விறகடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. திருவனந்தபுரத்திலிருந்து ஆணையத்தின் தலைவரே வந்திருந்தார். அவர் பேசி முடித்து, யாக்கோபு சாரும் பேசி முடித்ததும், கூட்டத்தில் ஷீனா எழுந்து நின்றாள். வயிறு மேடிட்ட பெண் எழுந்ததும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சுவக்கீனுக்கு உட்காரச் சொல்லவும் தோன்றவில்லை.

“சார், எனக்கு இது எட்டாம் மாசம். மீனுன்னா எனக்கு உசுரு. நீங்க ஒரு வாய் தின்னாப் போதும். நம்பி நானும் தின்னுருவேன்.”

ஷிஜு கத்தியோடு முன்னால் வந்தான்.

“எத்தனை கஷணம் வெட்டணும் சாரே? ஆரெல்லாம் தின்னுன்னது?”

தலைவர் தான் அன்று காலையிலிருந்து சைவம் என்று அறிவித்தார். கணக்கு அதிகாரிக்குப் பல்வலி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

“ராஜசேகர் சாரே?”

“நான் பழனிக்கு மாலை போட்டிருக்கறனுங்க.”

ஷிஜு அவர் கழுத்தைப் பார்த்தான். “மாலை எவிட?”

“மனசுல போட்டிருக்கறனுங்க.”

எல்லாரும் யாக்கோபு சாரைப் பார்த்தார்கள். அவர் கைகளைக் கூப்பினார்.

“எனக்கு நோன்பு.”

சுவக்கீனுக்கு நிஜமாகவே குழப்பம். “சார், ஈஸ்டர் போன மாசமே முடிஞ்சிருச்சே...”

“இது அடுத்த வருஷத்து நோன்பு. முன்கூட்டியே.”

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. சிரிப்பு பின்வரிசையில் கிளம்பி மேடை வரைக்கும் வந்தது. ஷீனா சிரிக்கவில்லை. “சரி சார். வெளங்கிருச்சு” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தாள்.

அப்போது சுருளியம்மாள் மேடைக்குப் பின்னால் நின்ற ஜீப்பைக் கவனித்தாள். பின்கதவடியில் ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. போய்த் திறந்தாள். பெட்டி பெட்டியாக மத்தி.

“ஏ, இங்க வாங்கடி! நம்ம மீனு அம்புட்டும் இங்க கெடக்கு!”

ராஜசேகர் ஓடிவந்தார். “அம்மா, தொடாதீங்க! அது மாதிரிங்க!”

“எங்களுக்கும் மாதிரி வேணும் சார். வீட்டுக்கு ஒரு கிலோ மாதிரி.”

பெண்கள் முந்தானையில் வாங்கினார்கள், கொழுந்துக்கூடையில் வாங்கினார்கள். ஒருத்தி பேனரைக் கிழித்து அதில் கட்டிக்கொண்டு போனாள். போலீஸ்காரர் ஒருவர் தடுக்கப் போய், தன் பங்கு ஹெல்மெட்டில் விழுந்ததும் திரும்பிவிட்டார்.

மேடையில் நெய்மீன் தனியாகக் கிடந்தது. மோனிஷா ஏறிப்போய் அதை ஐஸ்பெட்டியில் வைத்து மூடி டேப் ஒட்டினாள்.

“யாரும் சாப்பிடலேன்னா இதை லேபுக்குக் கொண்டுபோறேன் சார்.”

“கொண்டுபோ, கொண்டுபோ” என்றார் யாக்கோபு சார். அந்த மீன் தன் கண்ணிலிருந்து மறைந்தால் போதும் அவருக்கு. இப்படியாக, ஆணையம் தொடங்கியதிலிருந்து முதல்முறையாக ஒரு மாதிரி முழுசாக ஆய்வுக்கூடம் போய்ச் சேர்ந்தது.

தலை சொன்னதைத்தான் உடம்பும் சொன்னது. மோனிஷா அதை அப்படியே எழுதிக் கொடுத்தாள், பத்திரிகையில் கேட்டவர்களிடமும் மறைக்கவில்லை. மாதிரியை முறையான அனுமதியின்றி முழுமையாக அனுப்பியதற்காக அவள் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை. அவள் கொச்சிக்கே போய்ப் பழைய லேபில் சேர்ந்துகொண்டாள். ஆணையத்தைப் பாலக்காட்டு எல்லையில் வாளையாருக்கு மாற்றினார்கள். அங்கே செக்போஸ்டில் லாரிகள் அலை அலையாக வருகின்றன என்பது காரணம்.

சுவக்கீன் நெய்மீன் எடுப்பதை நிறுத்தினார். ரிசார்ட்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள், அதில் அவருக்கு அடிதான். ஆனால் லயத்தில் கதவுகள் திறந்தன. ஷீனாவுக்குப் பெண் குழந்தை. பத்தியம் முடிந்ததும் முதலில் கேட்டது மத்திக்குழம்பு. இப்போது அவள் யோசிக்காமல் சாப்பிட்டாள்.

ஆபீஸைக் காலி செய்கிற வாரத்தில் ஒரு காலை, சுவக்கீன் அடிமாலிக்கு இறங்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். பனிக்குள்ளிருந்து யாக்கோபு சார் நடந்து வந்தார். ஜீப் இல்லை. கூட ஆளும் இல்லை. ஸ்வெட்டரும் மஃப்ளருமாக, யார் வீட்டுப் பெரியவரோ என்று நினைக்கும்படி இருந்தார்.

“சுவக்கீனே, ஒரு காரியம் சோதிக்கட்டே?”

“கேளுங்க சார்.”

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். குரல் மேடைக்குரல் இல்லை. “நான் வாரா வாரம் தின்றது எல்லாம்... உள்ளேயே இருக்குமோ? டாக்டரிடம் கேட்டேன். சார் கடலாபீசில்தானே இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியாததா என்கிறார். எனக்கு ஒன்றும் தெரியாது சுவக்கீனே. ராத்திரி படுத்தால் வயிற்றில் கை வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன்.”

சுவக்கீனுக்கு அந்த மனிதர்மேல் கோபம் வரவேண்டிய நேரம். எவ்வளவு தேடியும் வரவில்லை. கையை வயிற்றில் வைத்துக்கொண்டு பதிலுக்கு நிற்கிற ஆளை அவர் தன் வீட்டிலேயே பார்த்திருக்கிறார்.

“எனக்கும் தெரியாது சார். மோனிஷாட்ட கேட்டாச் சொல்லும். நல்லா வெளங்கும்படி சொல்லும்.”

யாக்கோபு சார் தலையைக் குனிந்துகொண்டார். “அந்தக் குட்டியை வெளியே அனுப்பிய காகிதத்தில் ஒப்பு போட்டது நான்தான்.”

“தெரியும் சார்.”

“அவள் என்னிடம் பேசுவாளோ?”

“பேசும். யார் கேட்டாலும் பதில் சொல்ற புள்ள அது.” சுவக்கீன் பெட்டி ஆட்டோவின் பின்தட்டில் கிடந்த காலி மீன்பெட்டிகளை ஒதுக்கி, ஒரு சாக்கை மடித்துப் போட்டார். “நான் அடிமாலி வரைக்கும் போறேன். அங்கிருந்து கொச்சிக்கு பஸ் இருக்கு. ஏறுங்க.”

மண்டல இயக்குநர் கொஞ்சம் தயங்கினார். பிறகு மஃப்ளரைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி வைத்து, மீன் வாடைக்குள் ஏறி உட்கார்ந்தார்.

“வளைவு வரும் சார்” என்றார் சுவக்கீன், வண்டியை எடுத்தபடி. “கம்பியக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க.”